எண்பது லட்சம் சாமிகளின் ஊரில் இங்கிலீஷ் டீச்சர்

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஜப்பான்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வெள்ளைக்காரங்க கிடைக்கலையா? உன்னை எதுக்கும்மா கூப்பிட்டாங்க?" பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பா வயதுக்காரர்கள். மட்டம் தட்டுவதற்காகக் கேட்பதில்லை, அவர்களுக்கு அது நிஜமான சந்தேகம். ஜப்பானில் வேலை தேடிய நாட்களில் இதே சந்தேகத்தை விளம்பரங்களில் நிறையப் பார்த்தேன். 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று போட்டிருப்பார்கள். ஒரு நேர்காணலில் என் பேச்சை முழுக்கக் கேட்டு முடித்தபிறகு, "பெற்றோர்கள் எதிர்பார்க்கும் முகம் வேறு" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

இங்கே பள்ளிக்கூடங்களில் இத்தனை வருடம் நின்று பார்த்தபிறகு என்னிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர, அதைத் தானும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஆள் வேண்டும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் என்றால் இன்னும் நல்லது. ஏன் என்று சொல்கிறேன். நடுநடுவே இங்கே அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதும் வரும்.

நான் இருப்பது இசுமோ. ஜப்பான் என்றதும் நம் கண்ணுக்கு வரும் டோக்கியோ, ஒசாகா எதற்கும் பக்கத்தில் இல்லை. ஹோன்ஷூ தீவின் மேற்குப் பகுதியில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கிற ஷிமானே மாகாணத்தில் உள்ள ஊர். மாகாணம் முழுவதும் சேர்த்தே ஏழு லட்சம் பேர் கிடையாது. டோக்கியோவிலிருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஒருசில இரவு ரயில்களில் ஒன்றான சன்ரைஸ் இசுமோவில் ஏறிப் படுத்தால், பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் இங்கே இறங்கலாம். வயல்களுக்கு நடுவே வீடுகள். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைத் தடுக்க, வீட்டை ஒட்டிக் கறுப்பு பைன் மரங்களை நெருக்கமாக நட்டு, சுவர் மாதிரி நேராக வெட்டிவிட்டிருப்பார்கள். ட்ஸுய்ஜிமாட்சு என்று பெயர். சைக்கிளில் பள்ளிக்குப் போகும்போது அந்த மரங்களின் மறைவு வரும் இடங்களில் மட்டும்தான் மூச்சு விட முடியும்.

என் வேலைக்குப் பெயர் ஏ.எல்.டி. வகுப்பு ஆசிரியருக்குத் துணையாக நின்று மொழி கற்பிப்பவர். 1987இல் ஜப்பான் அரசு, வெளிநாட்டவரை அழைத்துவந்து பள்ளிகளில் மொழி கற்பிக்க வைக்கும் ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 'இங்கிலீஷ் டீச்சர் என்றால் இந்த முகம்தான்' என்ற எண்ணம் இங்கே பதிந்ததில் அந்தத் தொடக்கத்துக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இன்று அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ ஐம்பது நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிறைய ஊர்களில் ஏ.எல்.டி.க்களை அனுப்புவது தனியார் கம்பெனிகள். நானும் அப்படி வந்தவள்தான். விசாவுக்கான விதி என்ன சொல்கிறது தெரியுமா? கற்பிக்கப்போகும் மொழியில் குறைந்தது 12 ஆண்டுகள் பள்ளி, கல்லூரியில் படித்திருக்க வேண்டும். எந்த நாட்டில் பிறந்தவர், என்ன நிறம் என்றெல்லாம் அதில் இல்லை. எங்கள் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளியின் இங்கிலீஷ் மீடியம், ஜப்பான் குடிவரவு அலுவலகத்துக்குப் போதுமானதாக இருந்தது. விளம்பரம் போடுகிறவர்களுக்குத்தான் போதவில்லை.

2011இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் கட்டாயமானது, பாடமாக அல்ல, ஒரு 'செயல்பாடாக'. 2020இல் அது மதிப்பெண் உள்ள முழுப் பாடமாகி, ஆண்டுக்கு 70 பீரியட் ஆனது. பழைய 'செயல்பாடு' மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு இறங்கி 35 பீரியட் ஆனது. ஒரு பீரியட் 45 நிமிடம். நான் சில தொடக்கப் பள்ளிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

காலையில் பள்ளி வாசலில் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்து, உள்ளே மட்டும் போடும் செருப்புக்கு மாற வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த ஜப்பான். தெரியாதது ஆசிரியர் அறை. இங்கே ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய அறை, மேசைகளை எதிரெதிராக ஒட்டிப் போட்டிருப்பார்கள். எல்லோரையும் பார்க்கிற மாதிரி முன்னால் துணைத் தலைமையாசிரியர், க்யோத்தோ சென்செய், உட்கார்ந்திருப்பார். பள்ளியில் முதலில் வருகிறவரும் கடைசியில் போகிறவரும் பெரும்பாலும் அவர்தான். ஒரு மாணவன் வாசலில் நின்று, தன் வகுப்பையும் பெயரையும் சொல்லி, யாரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்காமல் காலை வைக்க மாட்டான். மதியம் துடைப்பமும் ஈரத் துணியுமாகப் பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்வார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒன்றாம் வகுப்புக் குட்டிக்குத் துணி பிழியச் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

"ஐ ஆம் லைக் சாக்கர்." "ஐ சாக்கர் பிளே." ஒவ்வொரு ஏப்ரலிலும் புது வகுப்பில் இதைக் கேட்பேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு கனடா நண்பருக்கு இது புரியாத புதிர். நூறு தடவை திருத்தியும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பார். எனக்கு அதில் புதிரே இல்லை. 'வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்ற ஜப்பானிய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான், பள்ளிக்கு, போகிறேன். 'நி' இருக்கும் இடத்தில் நம்முடைய 'க்கு' அப்படியே உட்காரும். வினைச்சொல் கடைசியில் வரும். இங்கிலீஷில் வாக்கியத்தின் நடுவிலேயே வினை வந்து நிற்பதும், 'க்கு' பெயருக்கு முன்னால் போய் நிற்பதும் இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு விநோதமோ, அவ்வளவு விநோதம் ஒரு காலத்தில் எனக்கும். மூன்றாம் வகுப்பில் 'ஐ ஸ்கூல் கோ' என்று எழுதி, டீச்சர் அதன் கீழே சிவப்புக் கோடு போட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் தப்பு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் நான் கோடு போடுவதில்லை. மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்துவேன். ஒருத்தி 'ஐ', ஒருவன் 'சாக்கர்', இன்னொருவன் 'பிளே'. ஜப்பானிய வரிசையில் நில்லுங்கள் என்றால் நிற்பார்கள். இப்போது இங்கிலீஷ் வரிசை என்றதும் 'பிளே' ஓடிவந்து நடுவில் புகுந்துகொள்வான். அப்புறம் நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி, அதற்கும் நிற்கச் சொல்வேன். பார்த்தால் ஜப்பானிய வரிசையேதான். "எஹ்ஹ்!" என்று வகுப்பே கத்தும். தங்களைப் போலவே வாக்கியத்தைத் தலைகீழாகக் கட்டுகிற ஒரு மொழியிலிருந்து வந்தவர் இங்கிலீஷ் பேசுகிறார் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. (தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட ஓனோ சுசுமு பற்றி ஆசிரியர் அறையில் வயதான ஆசிரியர்கள் என்னிடம் ஆர்வமாகக் கேட்பதுண்டு. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கியத்தின் போக்கு ஒன்றுதான், என் வகுப்புக்கு அது போதும்.)

உச்சரிப்பிலும் இதே கதை. ஜப்பானியச் சொற்கள் உயிரில் முடியும், இல்லையென்றால் 'ன்' ஒலியில் முடியும். அதனால் 'பஸ்' அவர்கள் வாயில் 'பசு' ஆகிறது. 'மில்க்' போய் 'மிருகு' வருகிறது. நம்முடைய சொற்களும் வல்லின மெய்யில் முடியாது, அதனால்தான் நம் ஊரில் 'பேங்க்கு', 'கேட்டு', 'மில்க்கு'. அந்த 'உ'வை வெட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்த வழியையே இவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். சொல்லின் கடைசி எழுத்தில் கைவிரல்களைச் சட்டென்று மூட வேண்டும். கை மூடினால் வாயும் மூடும். எல், ஆர் வேறுபாடு இன்னொரு தலைவலி. ல, ள, ழ, ர, ற என்று நாக்கை எங்கெங்கோ வைத்துப் பழகிய நமக்கு, நாக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியும். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பலருக்குத் தங்கள் நாக்கு எங்கே போகிறது என்றே தெரியாது, தெரிய வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை. 'ழ' சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் பத்து நிமிடம் அதிலேயே விளையாடுவார்கள். விளையாடட்டும். நாக்கு வளைந்தால் போதும்.

இலக்கணத்தையும் உச்சரிப்பையும் தாண்டி, வாயைத் திறக்க வைப்பதுதான் பெரிய பாடு. தெரியாததால் அமைதியாக இருக்கிற பிள்ளைகள் இங்கே குறைவு. தெரியும், ஆனால் சரியாகச் சொல்ல முடியுமா என்று உறுதியாகத் தெரியாது, அதனால் அமைதி. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் முதல் ஆண்டு முழுக்க நான் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண்ணுக்காகப் பேச வைத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். கேட்டே ஆக வேண்டிய ஒன்று மனதுக்குள் முட்டும்போதுதான் தப்போ சரியோ என்று பார்க்காமல் வாய் திறக்கும்.

ஒரு ஆறாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சொந்த ஊரை அறிமுகப்படுத்தும் பாடம். இசுமோ பிள்ளைகள் எதைப் பற்றிச் சொல்வார்கள்? இசுமோ பெருங்கோயிலைத்தான். பழைய சந்திரக் கணக்கின் பத்தாம் மாதத்தில் ஜப்பானின் சாமிகள் எல்லாம் இங்கே கூடும் என்பது நம்பிக்கை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது சாமிகள் இல்லாத மாதம், இசுமோவுக்கு மட்டும் சாமிகள் இருக்கும் மாதம். கடலிலிருந்து வரும் அவர்களை இனாசா கடற்கரையில் நெருப்பு மூட்டி வரவேற்பார்கள். ஒரு பையன் எழுந்து, 'மெனி காட்ஸ் கம் டு இசுமோ' என்று படித்தான். எத்தனை என்று கேட்டேன். ஜப்பானிய மரபில் எண்ணூறு 'மன்' சாமிகள். மன் என்றால் பத்தாயிரம். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தான்.

இது அவன் குற்றமே இல்லை. ஜப்பானியர்கள் பெரிய எண்களை நான்கு நான்கு இலக்கமாகப் பிரிப்பார்கள், இங்கிலீஷ் மூன்று மூன்றாக. நமக்கோ முதலில் மூன்று, பிறகு இரண்டு இரண்டு. கரும்பலகையில் ஒரே எண்ணை மூன்று விதமாகக் காற்புள்ளி வைத்து எழுதினேன். எண்ணூறு மன், எட்டு மில்லியன், எண்பது லட்சம். எங்கள் ஊரிலும் பெரிய எண்களை இங்கிலீஷில் சொல்லும்போது ஒரு கணம் நிறுத்திக் கணக்குப் போடுவோம் என்றேன். பிறகு, "இந்தியாவில் எத்தனை சாமிகள் என்று நினைக்கிறீர்கள்?" ஒருவன் பத்து மில்லியன் என்றான். நான் முப்பத்து முக்கோடியை எழுதினேன். 330 மில்லியன். அவர்கள் கணக்கில் மூன்று ஓகு, மூவாயிரம் மன். ஓகு என்றால் பத்துக் கோடி.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து, அதுவரை வகுப்பில் கையே தூக்காத ஒரு பெண் எழுந்து நின்றாள். "சென்செய்! ஹோட்டல்! இண்டியா காட்ஸ்... வேர் ஸ்லீப்?" இதைவிட நல்ல கேள்வியை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை. ஏனென்றால் இசுமோ கோயிலில் வந்து தங்கும் சாமிகளுக்கு நிஜமாகவே விடுதி உண்டு. கோயிலின் கிழக்கிலும் மேற்கிலும் பத்தொன்பது கதவுகளுடன் நீளமான இரண்டு கட்டடங்கள், அந்த மாதத்தில்தான் கதவுகளைத் திறப்பார்கள். அவள் அதைப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் சாமிகள் வீட்டுக்கு வீடு தங்கும், எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கத்திலேயே ஓர் அலமாரியில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள் என்றேன். "கிச்சன்!" என்று சிரித்தார்கள். மணி அடிக்கும்வரை கேள்வி நிற்கவில்லை. ஒரு வாக்கியமும் இலக்கணப்படி இல்லை. எல்லாம் எனக்குப் புரிந்தது.

அந்த வகுப்பின் ஆசிரியைக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கணக்கும் ஜப்பானியமும் அருமையாக எடுப்பவர். வருடத் தொடக்கத்தில் என்னிடம் வந்து, "எனக்கு இங்கிலீஷ் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் நீங்களே பேசிவிடுங்கள்" என்று குனிந்து சொன்னவர். இங்கே தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர்தான் கிட்டத்தட்ட எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும். இங்கிலீஷ் கற்பிப்போம் என்று நினைத்து வேலைக்கு வராத தலைமுறை அது. நான் அவரிடம், "நீங்கள் எனக்கு உதவ வேண்டும், பிள்ளைகள் முன்னால் என்னிடம் இங்கிலீஷில் பேசுங்கள், வராவிட்டால் வராத மாதிரியே பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். தயங்கினார். அடுத்த வாரம் முதல், பாடம் தொடங்குமுன் தன் வார இறுதியைப் பற்றி ஐந்தாறு வரி என்னிடம் சொல்வார். வார்த்தை தட்டும், கையால் காட்டுவார், பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார். கோடை விடுமுறைக்குள் அந்த வகுப்பில் கை தூக்குகிறவர்களின் எண்ணிக்கை கூடியதை என் கண்ணால் பார்த்தேன். பெரியவர் ஒருவர் தடுமாறித் தடுமாறிப் பேசி, அதனால் எந்தக் கேடும் வரவில்லை என்று பார்ப்பதைவிடப் பெரிய பாடத்தை நான் தர முடியாது.

மதிய உணவுக்கு நான் பிள்ளைகளோடுதான் உட்காருவேன். பள்ளி உணவுக்கு இங்கே க்யூஷொகு என்று பெயர். முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பெரிய பாத்திரங்களைத் தூக்கி வந்து பரிமாறுவார்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் முன்பே தலைமையாசிரியர் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்திருப்பார், அது விதி. சோறு, மீன், காய், ஷின்ஜி ஏரியின் ஷிஜிமி சிப்பி போட்ட மிசோ சூப், 200 மில்லி பால். மாதத் தொடக்கத்தில் வரும் உணவுப் பட்டியலில் என்னென்ன பொருள் என்று சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துப் போட்டிருப்பார்கள். மாடும் பன்றியும் சாப்பிடாத எனக்கு அந்தத் தாள் பெரிய உதவி, அவை இருக்கும் நாட்களில் டிபன் பாக்ஸ் கொண்டுபோவேன். ஜப்பானில் பள்ளி உணவு 1889இல் யமகதா மாகாணத்தின் ட்ஸுருஓகாவில், கோயில் ஒன்றில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1982 ஜனவரி 22 அன்று நாடு முழுக்கப் பள்ளிகளில் 'கரி ரைஸ்', அதாவது குழம்புச் சோறு, போட்டார்கள். அதே வருடம் ஜூலையில்தான் நம் ஊரில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த அம்மாவின் மகள் நான். எல்லோரும் கை கூப்பி "இதாதாகிமாஸ்" சொல்லும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருக்காது.

கொரோனாக் காலத்தில் எல்லோரும் முன்பக்கம் பார்த்தபடி பேசாமல் சாப்பிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பாதி இங்கிலீஷ் இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்துகொண்டிருந்தது என்று. "சென்செய், யூ ஈட் ஹேண்ட்?" "ரைட் ஹேண்ட்? சூப் ஆல்சோ ஹேண்ட்?" வகுப்பில் வாய் திறக்காதவன் இங்கே திறப்பான்.

இசுமோவில் பிரேசில் நாட்டவர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எலக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் ஆலைகளில் வேலை. அதனால் என் வகுப்புகளில் போர்ச்சுகீசு பேசும் பிள்ளைகள் உண்டு. ஜப்பானியப் பாட நேரத்தில் அவர்களைத் தனி அறைக்கு அழைத்துப் போய் மொழி சொல்லித் தருவார்கள். அப்படி வந்த ஒரு சிறுமி ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். விளையாட்டு நேரத்திலும் சுவரோரமாகவே நிற்பாள். 'எந்த நாட்டுக்குப் போக ஆசை' என்று ஒருவரையொருவர் கேட்கும் பாடம் வந்தது. பக்கத்து மேசைப் பையன் கடமைக்குக் கேட்டான். அவள், "ஐ வான்ட் டு கோ டு பிரேசில். மை கிராண்ட்மதர் இஸ் தேர்" என்றாள். அவன் அடுத்த ஆளிடம் போக வேண்டியவன், போகவில்லை. யோசித்து, "கிராண்ட்மதர்... குக்கிங்... குட்?" என்றான். அவள் முகம் மலர்ந்து, கையால் உருட்டிக் காட்டி, சீஸ், ரொட்டி என்று சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு ஜப்பானியம் போதாது, அவனுக்குப் போர்ச்சுகீசு தெரியாது. அந்த அறையில் அந்த நிமிடம் இங்கிலீஷ் இரண்டு பேருக்குமே தேவைப்பட்டது. இங்கிலீஷ் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும்போது பெரியவர்கள் வெளிநாடு, வேலை, டோக்கியோ என்று ஏதேதோ சொல்வார்கள். பக்கத்து மேசையில் இருக்கிற பெண்ணோடு பேசுவதற்கு என்று நான் சொல்வேன்.

இந்த மாகாணத்துக்கு வந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ் ஆசிரியர் லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தகப்பனுக்கும் 1850இல் பிறந்தவர். 1890இல் பக்கத்து ஊரான மட்சுவேயில் பள்ளி ஆசிரியரானார். சாமுராய் குடும்பத்துப் பெண் செட்சுவை மணந்து, கொய்சுமி யாகுமோ என்று ஜப்பானியராகவே ஆனார். மட்சுவே கோட்டை அகழியோரம் அவர் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது. நிலாவைப் பற்றி எழுது, மனிதர்கள் எதை நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று எழுது என மாணவர்களுக்குக் கட்டுரை கொடுத்தவர். அவருக்கும் செட்சுவுக்கும் பொது மொழி சரியாக வாய்க்கவில்லை. வேற்றுமை உருபுகள் உதிர்ந்த, வினை விகுதிகள் இல்லாத ஒரு தனி ஜப்பானியத்தில் இருவரும் பேசினார்கள். செட்சு அந்த மொழியில் சொன்ன பேய்க்கதைகளைத்தான் அவர் இங்கிலீஷில் எழுதினார், உலகம் படித்தது. 'வேர் ஸ்லீப்' என்று கேட்ட பெண்ணை நினைக்கும்போது இந்தத் தம்பதியையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன். ஹெர்னுக்கு மட்சுவேயின் குளிர் ஒத்துக்கொள்ளாமல் அடுத்த ஆண்டே குமமோட்டோவுக்குப் போய்விட்டார். அதில் அவரை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்.

ஏனென்றால் இங்கே வீடுகளுக்குள்தான் குளிர் அதிகம். இருக்கிற அறையை மட்டும் சூடாக்குவார்கள், குளியலறைக்கும் கழிவறைக்கும் போவது தனி வைராக்கியம். வாடகை வீடு தேடும்போது, வெளிநாட்டவர் என்றதும் போனை வைத்த வீட்டுக்காரர்களும் உண்டு. கிடைத்த வீட்டின் பக்கத்துப் பாட்டியம்மா, அக்டோபர் வந்தால் தோட்டத்து ககிப் பழத்தைப் பையோடு கதவில் மாட்டிவிட்டுப் போவார். குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போட வேண்டும் என்று வாசலில் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பள்ளியில் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் வங்கி, மருத்துவமனை, நகராட்சி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் அப்பாவின் பெயரோடு 'சாமா' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து உரக்க அழைப்பார்கள். அவர் இந்த நாட்டைப் பார்த்ததில்லை. முதல் தடவை கேட்டபோது திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. இப்போது அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இனி இந்த வேலையின் மோசமான பக்கம். ஒப்பந்தம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அடுத்த வருடம் உண்டா என்பது பல சமயம் பிப்ரவரி வரை தெரியாது. கம்பெனிகள் வழியாக வந்தவர்களுக்கு மாதம் இரண்டு லட்சம் யென்னுக்குச் சற்று மேலே. ஆகஸ்டில் வகுப்பு இல்லை என்று சம்பளத்தை வெட்டுவார்கள், வாடகை மட்டும் வெட்டப்படாது. இரண்டாம் ஆண்டு ஜூனில், முந்தைய ஆண்டு வருமானத்துக்கான குடியிருப்பு வரி வந்து நிற்கும். நகராட்சியே நேரடியாக வேலைக்கு எடுத்தாலும், 2020இல் வந்த முறைப்படி அதுவும் ஓராண்டு நியமனம்தான்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது பணத்தால் அல்ல. பள்ளிக்கும் கம்பெனிக்கும் இடையே இருவகை ஒப்பந்தம் உண்டு. ஒன்று ஹாகென், ஆளை அனுப்புவது. இன்னொன்று கியோமு இதாக்கு, வேலையையே குத்தகைக்கு விடுவது. இரண்டாவதில், வகுப்பாசிரியர் ஏ.எல்.டி.க்கு நேரடியாக 'இதைச் செய்யுங்கள்' என்று சொன்னால் சட்டப்படி சிக்கல். ஒரே வகுப்பில் நிற்கிற இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசிப் பாடம் தயாரிக்கக் கூடாது என்றால் அது யாருக்கான பாடம்? ஒப்பந்தம் இடம் கொடுத்தாலும் நேரம் இடம் கொடுக்காது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது, அதற்குப் பதில் சம்பளத்தில் 4 சதவீதம் கூடுதல். அதைப் படிப்படியாக 10 ஆக்குவதற்கு 2025இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கும் விளக்கு எரியும் ஆசிரியர் அறையில் சதவீதம் கூடினால் நேரம் கூடாது. சாமிகளின் எண்ணிக்கையைப் பேசிய அந்தப் பாடம், நானும் அந்த ஆசிரியையும் நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி நான்கு நிமிடத்தில் பேசி முடிவு செய்தது. வாரத்துக்கு அரை மணி நேரம் இருவருக்கும் ஒதுக்கிக் கொடுத்தால் என்னென்ன செய்யலாம் என்று நினைத்தால் எனக்கு மனது பொறுக்காது.

ஊரிலிருந்து தம்பி, தங்கைகள் வரலாமா என்று கேட்கிறார்கள். வாருங்கள், உங்களைப் போன்றவர்கள்தான் இங்கே வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தம் ஹாகெனா, இதாக்குவா என்று கேளுங்கள். ஆகஸ்ட், டிசம்பர் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஐம்பத்தொரு பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் என்றால், வாரம் 20 மணி நேரத்திலேயே நிறுவனக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் நடைமுறை. 'நேட்டிவ் மட்டும்' என்று போட்டிருக்கிற இடத்துக்கும் விண்ணப்பியுங்கள், விசா விதி உங்கள் பக்கம் இருக்கிறது. அப்புறம், படித்த பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலும் இங்கிலீஷ் மீடியம் என்று சான்றிதழ் வாங்கி, அசலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் வகுப்பிலிருந்தே கணக்கிட்டு வாங்குங்கள், பன்னிரண்டில் ஒரு வருடம் குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும்.